படகின் கியர் லீவர் இறுகிவிட்டது: கேபிளா, டிரைவா, எதற்குக் காசு கொடுப்பது?

கேள்வி: சார், நான் குன்னூரில் இருக்கிறேன். போன வருஷம் நானும் என் மச்சானும் சேர்ந்து கொச்சியில் ஒரு பழைய ஸ்டெர்ன் டிரைவ் படகு (இன்ஜின் உள்ளே, கியரும் புரொப்பெல்லரும் உள்ள ‘டிரைவ்’ பின்சுவருக்கு வெளியே) வாங்கினோம். மெர்க்ரூசர் கம்பெனியின் ஆல்ஃபா மாடல் டிரைவ், பெட்ரோல் இன்ஜின். வாடகைக்கு விடுவதில்லை, லீவில் குடும்பத்தோடு போய் வரத்தான். இப்போது கியர் லீவர் ரொம்ப இறுக்கம். கியரிலிருந்து நியூட்ரலுக்கு இழுத்தால் இன்ஜின் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. ஒரு மெக்கானிக் டிரைவையே மாற்றணும் என்கிறார், இன்னொருவர் கேபிள் போதும் என்கிறார். ஆன்லைனில் ‘எல்லாப் படகுக்கும் பொருந்தும்’ என்று பாதி விலைக்கு ஒரு கேபிள் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், டிரைவுக்கு அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் ஆல்ஃபாவில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். காரணம் இது: கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரும்போது உள்ளே பற்கள் பிடித்த பிடியை விடுவதற்காக, இன்ஜின் மேல் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் ஒரு கணம் இக்னிஷனை வெட்டிவிட்டு உடனே திரும்பக் கொடுக்கும். கேபிள் இறுகியிருந்தால் அந்த சுவிட்ச் அழுத்தப்பட்ட நிலையிலேயே நின்றுவிடும், கரண்ட் திரும்பி வருவதற்குள் இன்ஜின் ஆஃப். சிலர் அந்த சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு ‘சரி பண்ணிட்டேன்’ என்பார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள், பற்கள் தேய்ந்து கடைசியில் நிஜமாகவே டிரைவைப் பிரிக்க வேண்டி வரும்.

உங்கள் படகில் கியருக்கு ஒரு கேபிள் இல்லை, இரண்டு இருக்கிறது. ஒன்று லீவரிலிருந்து இன்ஜின் மேல் இருக்கும் பிராக்கெட் வரை. இன்னொன்று அந்த பிராக்கெட்டிலிருந்து படகின் பின்சுவரைத் தாண்டி, தண்ணீருக்குள் இருக்கும் டிரைவ் வரை. இதைக் கீழ்க் கேபிள் என்பார்கள். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பிராக்கெட்டில் லீவர் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு லீவரை ஆட்டிப் பாருங்கள். இன்னும் இறுக்கமா, கோளாறு லீவரிலோ அந்தக் கேபிளிலோதான், பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். லீவர் வெண்ணெய் மாதிரி ஓடுகிறதா, அப்போது பிரச்சினை கீழ்க் கேபிளில் அல்லது டிரைவுக்குள். இதைப் பிரித்துச் சொல்ல டிரைவைக் கழற்றித்தான் ஆகணும், ஆறு நட்டில் நிற்கிற சமாசாரம் அது. கழற்றியபின் கீழ்க் கேபிளைக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கேபிள்தான், லேசாக ஓடினால் டிரைவுக்குள் கியரை மாற்றும் தண்டான ஷிஃப்ட் ஷாஃப்டைப் பார்க்கணும். இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரைவை மாற்றணும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மச்சானைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், முடிந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

இனி வாங்குகிற விஷயம். லீவர் கேபிள் அடிக் கணக்கில் விற்பது, நுனிக்கு நுனி அளவு, பழைய கேபிளின் மேலுறையிலேயே பெரும்பாலும் நம்பரும் நீளமும் அச்சிட்டிருக்கும். அதைப் போட்டோ எடுத்து அதே அளவில் வாங்குங்கள். குட்டையானதை வாங்கினால் வளைவில் மடங்கிக்கொண்டு புதிதிலேயே இறுகும். ‘எல்லாப் படகுக்கும்’ வகை, நீளமும் முனையும் சரியாக இருந்தால் இந்தக் கேபிளுக்கு ஓடலாம். கீழ்க் கேபிளுக்கு அது ஆகவே ஆகாது. ஆல்ஃபாவுக்கு உள்ளது வேறு, பிராவோ டிரைவுக்கு உள்ளது வேறு, இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார். டிரைவின் சீரியல் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள்.

கீழ்க் கேபிளில் மட்டும் விலை பார்க்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். அது பின்சுவரின் வெளியே ஒரு சின்ன ரப்பர் பெல்லோஸுக்குள், அதாவது மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் போகிறது. அந்த ரப்பர் கிழிந்து, கேபிளின் மேலுறையும் வெடித்திருந்தால், தண்ணீர் கேபிளுக்குள்ளேயே ஊர்ந்து வந்து இன்ஜின் பக்க முனையில் சொட்டும். ஆள் இல்லாமல் வாரக்கணக்கில் தண்ணீரில் நிற்கும் படகு இப்படியே மூழ்கலாம், நீங்களோ குன்னூரில் இருக்கிறீர்கள். அதனால் கேபிளோடு அந்த பெல்லோஸ், கிளாம்ப், டிரைவுக்கான கேஸ்கெட் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். டிரைவ் கழன்றிருக்கும்போதே பெரிய பெல்லோஸையும் பேரிங்கையும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலியில் பெரும்பகுதி கழற்றி மாட்டுவதற்குத்தான் போகிறது, அதை இரண்டு தடவை கொடுக்க வேண்டாம்.

எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் ஊரில் மழைக்காலம் வந்தால் பைக் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுவது பழக்கம், நானே கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வழியில் நிறுத்தி விட்டிருக்கிறேன், வீடு வந்து சேர்ந்தேன். படகுக் கேபிள் அப்படி இல்லை. தொழிற்சாலையிலேயே மசகு போட்டு மூடி வருவது. அது இறுகிவிட்டால் உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம், எண்ணெய் நாலு நாள் ஏமாற்றும், நடு ஏரியில் கியர் மாட்டிக்கொள்ளும். படகுத்துறையை நோக்கி வரும்போது நியூட்ரல் விழாவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அப்புறம் ஒன்று. பார்சலை குன்னூர் வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். நீங்கள் அடுத்து மலை இறங்கும்வரை பெட்டி பிரிக்காமலே கிடக்கும், அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். நேராகக் கொச்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள், வந்த அன்றே பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து, பழைய கேபிளோடு பக்கத்தில் வைத்து அளக்கட்டும். இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச விலை எல்லாம் இருக்கணும். இல்லாவிட்டால் பிரிக்காமலே திருப்புங்கள்.

கேள்வி: அவசரத்தில் மச்சான் ஏற்கெனவே அந்தப் பாதி விலைக் கேபிளை வாங்கிவிட்டார் சார். பொருந்தவில்லை, கடை திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறது. இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

பதில்: முடியும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, ‘எல்லாப் படகுக்கும் பொருந்தும்’ என்ற வரியின் ஸ்கிரீன்ஷாட்டோடு முதலில் கடைக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால் கொச்சிக்கு அலைய வேண்டாம், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பில் உங்கள் பெயரில் இருந்தால் ஊட்டியில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம், மச்சான் பெயரில் என்றால் அவர் ஊர். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் கொடுக்கணும். படகை வாடகைக்கு விடுவதில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அதைப் புகாரிலும் எழுதுங்கள், வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்று எதிர்தரப்பு வாதிட்டால் அந்த வரி உதவும். அதுவரை அந்தக் கேபிளை வெட்டியோ வளைத்தோ மாட்டிப் பார்க்க வேண்டாம், வந்தபடியே பெட்டியில் இருக்கட்டும்.