கம்பைலர் கேள்வி–பதில்: எழுதிய ஃபங்ஷனை எழுதவில்லை என்கிறதே!

கேள்வி: சி++ மொழியில் ஷேப் என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸிலிருந்து (உடல் எழுதாமல் விட்ட ஃபங்ஷன் உள்ளதால் நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாத கிளாஸ்) சர்க்கிள் கிளாஸை உருவாக்கி, ஏரியா() ஃபங்ஷனையும் எழுதிவிட்டேன். ஆனாலும் சர்க்கிள் அப்ஸ்ட்ராக்ட் என்று சொல்லி, ஆப்ஜெக்ட் உருவாக்க ஜிசிசி கம்பைலர் மறுக்கிறது. ஏன்?

பதில்: பிழை வரியோடு நின்றுவிடாதீர்கள். அதன் கீழே 'நோட்' என்று வரும் வரிகளில்தான் விடை இருக்கிறது. இன்னும் எழுதப்படாத ஃபங்ஷன் எது என்பதை முழு வடிவில் அங்கே காட்டியிருக்கும். அதை உங்கள் வரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெரும்பாலும் கடைசியில் வரும் 'கான்ஸ்ட்' (const; ஆப்ஜெக்டை மாற்றமாட்டேன் என்னும் குறிப்பு) விடுபட்டிருக்கும். ஷேப்பில் ஏரியா() கான்ஸ்ட், சர்க்கிளில் வெறும் ஏரியா() என்றால் கம்பைலருக்கு அவை இரண்டு வேறு ஃபங்ஷன்கள். ஷேப்பில் உள்ளது நிரப்பப்படாமலே கிடக்கும். பாராமீட்டரில் இன்ட், லாங் என்று மாறினாலும் இதே கதிதான்.

சர்க்கிளின் ஏரியா() வரி முடிவில் 'ஓவர்ரைட்' (override; ஷேப்பின் ஃபங்ஷனுக்கு மாற்றாக எழுதுகிறேன் என்னும் குறிப்பு) சேர்த்துவிடுங்கள். சி++11 முதல் இந்த வசதி உண்டு. பிறகு பிழை, ஆப்ஜெக்ட் உருவாக்கும் இடத்தில் மட்டுமல்லாமல், தவறு நடந்த வரியிலேயும் வரும். இதை இப்படி உருவாக்கும் எல்லா கிளாஸிலும் கட்டாயப் பழக்கமாக்குங்கள்.

கம்பைல் முடிந்து லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் நிரல்) திட்டினால் அது வேறு சிக்கலாக இருக்கலாம்: ஷேப்பின் டிஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்), உடல் இல்லை என்று குறிக்கும் '= 0' போட்டு அறிவித்திருந்தாலும் அதற்கு உடல் எழுதியே ஆக வேண்டும்.