பகிர்வதில் கழியும் நேரம் வீண்தானா? ஒரு தாயின் கேள்விக்கு விடை

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

புள்ளியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், பாடத்துக்கு ஒதுக்க வேண்டிய நேரத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார் என்றும், எழுதி முடித்ததும் அதன் இணைப்பைக் கண்ட இடமெல்லாம் அனுப்பிவிட்டு யார் பார்த்தார்கள் என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இதனால் வேலை கிடைக்குமா என்ற உங்கள் கேள்வியோடு அவருடைய தளத்தின் முகவரியையும் அனுப்பியது நல்லதாயிற்று. பதினொரு கட்டுரைகளையும் படித்தேன். அவற்றை அவர் சமூக ஊடகங்களில் பகிர்ந்திருக்கும் விதத்தையும் பார்த்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது, பகிர்ந்த விதம்தான் சரியில்லை. ஆகவே உங்கள் கவலையில் பாதி நியாயமானது. ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பாதி அன்று.

எழுதுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர் புள்ளியியலில் தேறினார் என்பதைப் பட்டச் சான்றிதழ் சொல்லும். கருத்துக் கணிப்பு ஒன்றின் முடிவைக் கணக்குத் தெரியாத ஒருவருக்கும் விளங்கும்படி அவரால் எடுத்துச் சொல்ல முடியும் என்பதை அது சொல்லாது. தரவுகளோடு புழங்கும் வேலைகளுக்கு ஆள் தேடுபவர்கள் இந்த இரண்டாவது திறமையைத்தான் நேர்காணலில் தோண்டித் துருவிப் பார்க்கிறார்கள். விண்ணப்பதாரரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்ப்பவர்களும் அவர்களில் உண்டு. அப்படித் தேடும்போது இந்தப் பதினொரு கட்டுரைகள் எதிரே வந்து நிற்குமானால் அது சிறிய உதவி அன்று. அதற்காக ஆயிரக்கணக்கானோர் படித்தாக வேண்டும் என்பதில்லை. அந்தத் துறையில் இருக்கும் இருபது, முப்பது பேருக்கு அவர் பெயர் பழகியிருந்தால் இந்த வயதில் அதுவே போதும்.

இனி, பகிர்வில் என்ன கோளாறு என்பதைச் சொல்கிறேன். 'சராசரி எப்போது ஏமாற்றும்' என்ற அவருடைய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அவர் ஒரே நாளில் பன்னிரண்டு குழுக்களில், ஓரெழுத்தும் மாறாமல், "என் புதிய கட்டுரை. படித்துவிட்டுப் பகிரவும்" என்ற வரியோடு இட்டிருக்கிறார். படிப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது? அவரைத் தெரிந்தவர்கள் அன்புக்காக ஒரு விருப்பக்குறி இடுவார்கள், தெரியாதவர்கள் கடந்து போவார்கள். இத்தனைக்கும் அக்கட்டுரையின் மூன்றாம் பத்தியில் அருமையான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது: பத்துப் பேர் உள்ள வகுப்பில் ஒன்பது பேர் தலா 2 நூல்களும் ஒருவர் மட்டும் 82 நூல்களும் படித்தால் சராசரி 10 என்று வருகிறது, ஆனால் 10 நூல் படித்தவர் அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை. இதையே பதிவின் முதல் வரியாக வைத்து, "அப்படியானால் அந்தப் 10 யாருடைய எண்?" என்று கேட்டு, அதன் கீழே இணைப்பைத் தந்திருக்க வேண்டும். சொடுக்காமல் போகிறவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது. எழுதியவரின் பெயர் அவர் நினைவில் தங்குகிறது.

சொடுக்காமல் போகிறவர்கள் என்று சொன்னது மிகையன்று. 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தையும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்டவையாக அவர்கள் எடுத்துக்கொண்ட செய்தி இணைப்புகளில் 59 விழுக்காடு ஒருமுறைகூடச் சொடுக்கப்படவில்லை என்று தெரியவந்தது. பகிர்பவரே படிக்காமல் பகிர்வது வழக்கமாகிவிட்டதால்தான், 2020இல் ட்விட்டர் நிறுவனம், கட்டுரையைத் திறக்காமல் மறுபகிர்வு செய்பவரிடம் "முதலில் படிக்கிறீர்களா" என்று கேட்கும் வசதியைச் சோதிக்கத் தொடங்கியது. ஆகையால் எத்தனை பகிர்வு என்ற எண்ணை வைத்துக்கொண்டு மகிழவும் வேண்டாம், சோரவும் வேண்டாம்.

சில சின்னச் சின்ன வேலைகளையும் அவர் கவனிக்கவில்லை. இணைப்பை ஒட்டியதும் அதன் கீழே தலைப்பும் படமுமாக ஒரு முன்தோற்றம் வருகிறதல்லவா, அதைத் தீர்மானிப்பவை பக்கத்தின் நிரலுக்குள் எழுதப்படும், 2010இல் முகநூல் அறிமுகப்படுத்திய 'ஓப்பன் கிராஃப்' குறிகள். அவர் தளத்தில் அவை நிரப்பப்படாததால், பதினொரு கட்டுரைகளுக்கும் ஒரே சாம்பல் நிறப் பெட்டியும் 'முகப்பு' என்ற ஒற்றைச் சொல்லுமே வருகின்றன. அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் குறிப்பில் இட்ட இணைப்பைச் சொடுக்க முடியாது. தன்விவரப் பகுதியில் வைக்க வேண்டும் அல்லது ஸ்டோரியில் இணைப்பு ஒட்டியாக இட வேண்டும். எக்ஸில் (முன்னாள் ட்விட்டர்) கட்டணமில்லாக் கணக்குக்கு ஒரு பதிவில் 280 எழுத்துக்குறிகளுக்கே இடம். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் 23 போய்விடும். தமிழில் துணையெழுத்தும் புள்ளியும்கூடத் தனித்தனியே கணக்கில் சேரும் ('கை' நமக்கு ஓரெழுத்து, அங்கே இரண்டு). எனவே தமிழில் எழுதுபவர் இன்னும் சுருக்கமாக எழுதப் பழக வேண்டும். எல்லா ஊடகத்திலும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவருக்கு வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன்னும், ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் உரையாடும் வேறு ஓரிடமும் போதும் என்பது என் கருத்து.

நற்பெயர் என்பது இவற்றைவிடப் பெரிய காரியம். தன் இணைப்பைப் போடுவதற்கு மட்டும் ஒரு குழுவுக்குள் வந்து போகிறவரை அங்குள்ளவர்கள் இரண்டே வாரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். பிறகு அவர் நல்லதையே எழுதினாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். யாரோ ஒருவர் "இந்த வரைபடம் எனக்குப் புரியவில்லை" என்று கேட்டிருந்தால், தன் கட்டுரையைப் பற்றிப் பேசாமல் அந்த வரைபடத்தை விளக்கி நான்கு வரி எழுதட்டும். பிறர் எழுதியதில் நல்லதைக் கண்டால், எது நன்றாக இருக்கிறது என்று காரணத்தோடு சொல்லி, எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டுப் பகிரட்டும். தரவை எங்கிருந்து எடுத்தார் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லட்டும். இவ்வாறு சில மாதங்கள் நடந்துகொண்டவர் தன்னுடைய கட்டுரையைப் பகிரும்போது, அதைப் படிக்கக் காத்திருப்பவர்கள் சிலராவது இருப்பார்கள்.

தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதில் பட்டவன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு படிப்பின் தகுதி விதியைப் பிழையாக எழுதிப் பகிர்ந்துவிட்டேன். ஒருவர் சுட்டிக்காட்டியதும் சத்தமில்லாமல் பதிவை நீக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திருத்திய பதிவை இட்டேன். அவர் பழையதைப் படம்பிடித்து வைத்திருந்தார். பிழையை மன்னித்தவர்கள்கூட மறைத்ததை மன்னிக்கவில்லை. உங்கள் மகள் அப்படிச் செய்ய வேண்டாம். கட்டுரையின் மேலேயே எது திருத்தப்பட்டது, யார் சொன்னார்கள் என்று எழுதிவிடட்டும். புள்ளியியல் தெரிந்தவர்கள் அதைக் குறையாகக் கொள்ள மாட்டார்கள்.

அவரை அதிகம் வாட்டுவது அந்தப் பார்வை எண்ணிக்கைதான் என்று நினைக்கிறேன். யாரோ பெரிய கணக்கு வைத்திருப்பவர் பகிர்ந்த ஒரே நாளில் எண்ணிக்கை எகிறியதும், அடுத்த வாரம் பழைய நிலைக்கே இறங்கியதும் அவரைச் சோர்வடையச் செய்திருக்கின்றன. சராசரி எப்போது ஏமாற்றும் என்று எழுதியவரே தன் கணக்கில் சராசரியை நம்புகிறார்! அந்த ஒரு நாள் அவருடைய 82. மற்ற நாள்களின் இடைநிலை அளவு (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) மெல்ல மெல்ல ஏறுகிறதா என்பதையே அவர் பார்க்க வேண்டும். வாசகர் எங்கிருந்து வருகிறார் என்பதை அறிய, இணைப்பின் வாலில் யூடிஎம் குறிகளை, அதாவது எந்த ஊடகத்தில் பகிர்ந்த இணைப்பு என்பதைக் காட்டும் சொற்களை, சேர்த்துப் பகிரலாம். தள வருகைகளைக் கணக்கிடும் மென்பொருளைச் செய்த அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கியதிலிருந்து பரவிய முறை இது. அப்படிச் சேர்க்காவிட்டால், வாட்ஸ்அப் வழியாக வந்தவர்களில் பலர் தளத்தின் வருகைக் கணக்கில் நேரடி வருகை என்ற தலைப்பின் கீழ் போய் விழுவார்கள். அந்தப் பகிர்வு பயனற்றது என்று தப்புக்கணக்குப் போட நேரும்.

சமூக ஊடகத்தில் மட்டும் எழுதி, தளத்தைக் கைவிடுவதாக அவர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் உடன்படவில்லை. சமூக ஊடகங்களாக இருந்த ஆர்குட் 2014இலும் பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டபோது, அங்கே சேர்த்து வைத்திருந்த வாசகர்கள் கலைந்து போனார்கள். கட்டுரை தன் தளத்தில் இருக்கட்டும்; மின்னஞ்சலில் பெற விரும்புவோரின் பட்டியல் ஒன்றும் இருக்கட்டும்.

காசு கொடுத்துப் பின்தொடர்வோரைச் சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, கூடாது. கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் எங்கும் தர வேண்டாம். இதற்கென்று தனி மின்னஞ்சல் போதும். நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை, பகிர்வுக்கும் உரையாடலுக்கும் நாளில் அரை மணி, தேர்வு நடக்கும் மாதத்தில் இரண்டும் இல்லை என்று அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். தேர்வு முடிந்த வாரத்தில் அவரை என்னிடம் அனுப்பிவையுங்கள். வரும்போது கடைசி மூன்று மாதப் பார்வைக் கணக்கை நாள்வாரியாக எடுத்துவரச் சொல்லுங்கள். வேலைக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பில் எந்த மூன்று கட்டுரைகளைச் சேர்ப்பது என்பதை அதை வைத்துக்கொண்டு பேசலாம்.