பாட்டியின் வீணையை விளக்காக்கலாமா?

கேள்வி: பாட்டி வாசித்த தஞ்சாவூர் வீணை குடத்தில் விரிசல் விட்டுப் பல வருடங்களாகப் பரணில் கிடக்கிறது. வீட்டில் யாரும் வாசிப்பதில்லை. வரவேற்பறைக்கு அலங்கார விளக்காக மாற்ற ஆசை. பழம்பொருள் வியாபாரி ஒருவர், 'குடத்தைக் குடைந்து பல்பு வைத்துத் தருகிறேன். இல்லையென்றால் நாலாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார். என்ன செய்யலாம்?
- கும்பகோணம் வாசகி

பதில்: விளக்காக்கலாம். ஆனால் அந்த வியாபாரியிடம் வீணையைக் கொடுக்காதீர்கள். குடத்தில் துளைபோட யாரையும் விடாதீர்கள்.

அவர் அடுத்து என்ன சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'இது ஏகாந்த வீணை இல்லை அம்மா, ஒட்டு வீணைதான், மதிப்பில்லை' என்பார். சாட்சிக்குக் குடத்தின் மேல்பலகை சேரும் விளிம்பைக் காட்டுவார். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கும் மேல்பலகை தனியாகச் செய்து ஒட்டியதுதான். உள்ளே குடைந்துவிட்டு மேலே மூடித்தானே ஆக வேண்டும்? நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அடிப்பக்கம். வீணையைக் கவிழ்த்து, குடமும் தண்டியும் (தந்திகள் ஓடும் நீண்ட பகுதி) சேரும் கழுத்தில் மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடுகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓடினால் அது ஏகாந்த வீணை, நாலாயிரம் என்பது பகல்கொள்ளை. இப்படி வாங்கப்படும் வீணைகள் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. யாளி முகம் ஒருவர் வீட்டுச் சுவருக்கு, குடம் ஏதோ ஓட்டலின் விளக்குக்கு என்று உறுப்பு உறுப்பாக விலைபோகின்றன. குடத்து விரிசலை வீணை செய்யும் ஆசாரி சரிசெய்துவிடுவார். அறுத்த குடத்தை யாராலும் சேர்க்க முடியாது.

இனி விளக்கு. யாளிப் பக்கம் தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்குடுக்கை தனியாகக் கழன்று வரும். அதைக் கழற்றித் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதே அளவில் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்று வாங்கி, அதில் கோலப்புள்ளி மாதிரி துளைகள் போட்டு, உள்ளே மூன்று வாட் எல்இடி வைத்து அந்த இடத்தில் பொருத்துங்கள். 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் வெளிச்சமே பலா மரத்துக்கு அழகு. 12 வோல்ட் போதும். அடாப்டர் சுவர் பிளக்கிலேயே இருக்கட்டும். குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். தண்டியின் மேல் வரிசையாக இருக்கும் உலோகக் கட்டைகளான மெட்டுகள் இருபத்துநான்கும் மெழுகில் பதிந்து நிற்பவை. அறுபது டிகிரியைத் தாண்டினாலே தேன்மெழுகு உருகத் தொடங்கும். எரியும் குண்டு பல்பின் கண்ணாடி நூறு டிகிரிக்கு மேல் போகும். தந்திகளை அவிழ்த்து எறியாமல், பிரடைகளை (தந்தியை முறுக்கும் முளைகள்) திருகித் தளர்த்தி மட்டும் விடுங்கள். விரிசலை இழுத்து அகலப்படுத்துவது அந்த இழுவிசைதான். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்: குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் வெள்ளைத் தகடு பதித்திருக்கிறதா? இன்றைய வீணைகளில் அது பிளாஸ்டிக். பழைய வீணையில் யானைத் தந்தமாக இருக்கலாம், மான்கொம்பாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடியால் பாருங்கள். பால் கொட்டியது போல் ஒரே சீராக இருந்தால் பிளாஸ்டிக். பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் இருந்தால் எலும்பு அல்லது கொம்பு. நீளவாக்கில் மெல்லிய ரேகைகளும், வெட்டுமுனையில் ஒன்றையொன்று குறுக்கிடும் கோடுகளும் இருந்தால் தந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். தகடு மெல்லியதாக இருந்தால் வெட்டுமுனை கண்ணுக்குச் சிக்காது. அப்போது ஊகிக்காதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். பிளாஸ்டிக்காக இருந்தாலும் தகடு பாழாகும்.

தந்தம் என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். தந்தம் பதித்த பொருளை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வந்து தொண்ணூறு நாட்களுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். பாட்டி காலமாகி எத்தனை வருடம் என்று நீங்கள் எழுதவில்லை. கெடு தாண்டியிருந்தால் நீங்களே மனு எழுதிக்கொண்டு அலையாமல், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. பிடித்தால் வழக்கு என்று மிரட்டத் தெரிந்த வனத்துறைக்கு, வீட்டில் வீணை வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்குப் புரியும் தமிழில் ஒரு பக்க அறிவிப்பு போடத் தெரியவில்லை. அலுவலகத்தில் கேட்டால் அந்த மேசைக்குப் போங்கள், இந்த மேசைக்குப் போங்கள் என்று அலைக்கழிப்பார்கள். அந்தச் சலிப்பில்தான் ஆட்கள் வியாபாரியிடம் போகிறார்கள். அவரோ 'தகட்டை மட்டும் பெயர்த்துத் தருகிறேன், பிரச்சினை தீர்ந்துவிடும்' என்பார். பெயர்த்த தகடு அவர் பையில் போகும், பெயர்ந்த வீணை உங்கள் வீட்டில் இருக்கும். வழக்கு வந்தால் விசாரிப்பது உங்களைத்தான்.

இப்போதே வீணையை நாலு பக்கமும், அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். ஆசாரியிடம் விரிசலுக்குக் கொடுக்கும்போது குடத்தின் அளவையும் ரேகையையும் குறித்து, அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பழைய மரத்தை வைத்துக்கொண்டு புதியதைத் திருப்பித் தருவதும் இந்தத் தொழிலில் உண்டு.