பட்டறை மேசை: பிஸ்டனுக்கு மாற்றலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். நான்கு வருடம் முன்பு ஓர் ஏஆர்-15 வாங்கினேன். 16 அங்குலக் குழல், கார்பைன் அளவு கேஸ் டியூப். மாதம் இரண்டு முறை சுடுதளத்துக்குப் போவேன். இந்த வருடம் செலவு கூடிப்போனதால், பொங்கலுக்கு அப்புறம் விலை குறைவான இரும்பு உறைத் தோட்டா வாங்கிச் சுடுகிறேன். மூன்று மாதமாகக் காலித் தோட்டா சரியாக வெளியே விழுவதில்லை. மேகசின் தீர்ந்ததும், தோட்டா அறையை மூடும் போல்ட் பின்னால் நிற்காமல் மூடிக்கொள்கிறது. "இந்தத் துப்பாக்கியின் முறையே அழுக்கு முறை, பிஸ்டன் கிட் வாங்கி மாட்டு" என்கிறார் நண்பர். அப்பா இந்திய ராணுவத்தில் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் தூக்கியவர். அவரும் "பிஸ்டன்தான் கைவிடாது" என்கிறார். கிட் வாங்கிவிட்டேன், பெட்டியைப் பிரிக்கவில்லை. மாற்றலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் இந்திய ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் 22 வருடம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக இருந்தவன். எஸ்.எல்.ஆரிலும் இன்சாஸிலும் என் கை தேய்ந்தது. இரண்டுமே பிஸ்டன் துப்பாக்கிகள்: வாயு குழலுக்கு மேலே ஒரு பிஸ்டனைத் தள்ளும், அது போல்ட்டைப் பின்னால் தள்ளும். மகள் வீட்டுக்கு வந்து, ஃபோர்ட் வொர்த் பக்கத்தில் ஒரு சுடுதளத்தின் பட்டறையில் உட்கார்ந்த முதல் வாரத்தில் உங்கள் அப்பா சொன்னதையேதான் நானும் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். குண்டு குழலில் போகும்போது பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாக மேலே ஏறி, கேஸ் டியூபில் பின்னோக்கி வந்து, போல்ட்டைச் சுமந்து ஓடும் கேரியரின் தலையில் இருக்கும் கேஸ் கீ என்ற சின்னக் குழாய் வழியாக உள்ளே நுழைகிறது. அங்கே போல்ட்டின் வாலில் மூன்று வளையங்கள் இருக்கின்றன. அந்த வளையங்களுக்குப் பின்னால் வாயு விரிந்து கேரியரைப் பின்னால் தள்ளுகிறது. அதாவது பிஸ்டன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. போல்ட்தான் பிஸ்டன், கேரியர்தான் சிலிண்டர். இதை வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் 1960-இல் பெற்ற காப்புரிமையிலேயே, இது வாயு நேராக வந்து மோதும் பழைய முறை அல்ல, உள்ளே விரிந்து தள்ளும் முறை என்று எழுதியிருக்கிறார். ஊர் முழுக்க 'டைரக்ட் இம்பிஞ்ச்மென்ட்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயரை வைத்தே துப்பாக்கியைக் குறை சொல்லவும் பழகிவிட்டோம்.

தள்ளும் விசை முழுக்கக் குழலின் நேர்க்கோட்டிலேயே விழுவதுதான் இந்த அமைப்பின் அழகு. முன்பக்கம் கம்பி இல்லை, ஸ்பிரிங் இல்லை, கனம் இல்லை. பதிலுக்கு, கரியும் சூடும் கேரியருக்குள் வருகின்றன. உங்கள் நண்பர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

வியட்நாமில் உங்கள் துப்பாக்கியின் ராணுவ வடிவமான எம்16 சிக்கிக்கொண்டு வீரர்கள் செத்தார்கள் என்ற கதையையும் நண்பர் சொல்லியிருப்பார். அது கதையல்ல, நடந்தது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று விசாரித்து அறிக்கை கொடுத்தது. துப்பாக்கியைச் சோதித்தது ஒரு வகை வெடிமருந்தில், படைக்கு அனுப்பியது வேறு வகை உருண்டை மருந்தில். புது மருந்து கரியைக் கூட்டியது, போல்ட்டின் ஓட்டத்தையும் வேகப்படுத்தியது. வியட்நாமின் ஈரத்தில் தோட்டா உட்காரும் அறை துருப்பிடித்தது, ஏனென்றால் அதற்குக் குரோமியப் பூச்சு இல்லை. துடைக்கும் சாமான்கூடப் பல பேருக்குக் கொடுக்கவில்லை. பிறகு அறைக்குக் குரோமியம் பூசினார்கள், கேரியருக்குப் பின்னால் அதன் வேகத்தைத் தாங்கும் பஃபரை மாற்றினார்கள், மருந்தைத் திருத்தினார்கள், துடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வாயு முறையை மட்டும் தொடவில்லை. அதே முறையோடு அந்தக் குடும்பம் 50 வருடத்துக்கு மேல் படையில் இருந்தது.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கிறது. தோட்டா மாற்றியது பொங்கலுக்கு அப்புறம். கோளாறு மூன்று மாதமாக. நான்கு வருடம் ஒழுங்காக ஓடிய துப்பாக்கி, தோட்டா மாறிய மாதத்தில் இருமத் தொடங்கியிருக்கிறது. விலை குறைந்த இரும்பு உறைத் தோட்டாக்களில் பல மென்மையாக மருந்து நிரப்பியவை. தள்ளும் வாயு குறைந்தால் கேரியர் பின்கோடி வரை போகாது. காலித் தோட்டா சோம்பலாக விழும், கடைசியில் போல்ட்டைப் பிடிக்கும் கொக்கி எழும் முன்பே கேரியர் திரும்பிவிடும். நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறியும் இதுதான்.

ஆகவே முதல் வேலை, முன்பு சுட்ட மாதிரிப் பித்தளை உறைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். காலித் தோட்டா எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். குழல் முனை 12 மணி என்றால், 3 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் குவிந்தால் நல்லது. 5 மணிப் பக்கம் தொப்பென்று விழுந்தால் வாயு இன்னும் போதவில்லை. வேறு மேகசின் போட்டும் பாருங்கள். மேகசின் ஸ்பிரிங் களைத்திருந்தாலும் போல்ட் நிற்காது.

அப்படியும் தொந்தரவு தொடர்ந்தால், துப்பாக்கியைக் காலி செய்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு கேரியரை வெளியே எடுங்கள். போல்ட்டை முழுதாக முன்னே இழுத்துவிட்டு, போல்ட்டின் முகம் கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்துங்கள். கேரியர் தன் எடையிலேயே சரிந்து இறங்கினால் மூன்று வளையமும் தேய்ந்துவிட்டன. வளையத்தின் விலை மிகச் சொற்பம். அடுத்து கேஸ் கீயைப் பாருங்கள்.

இந்தக் கேஸ் கீயில் ஒரு நிமிடம் நிற்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருவர் உங்களைப் போலவே துப்பாக்கியும் கையுமாக வந்தார், கக்கத்தில் கிட் பெட்டி. மாட்டித் தரச் சொன்னார். கேரியரை எடுத்து விளக்கடியில் பிடித்தேன். கேஸ் கீயும் கேரியரும் சேரும் கோட்டில், இடது பக்கம் மட்டும், மயில் தோகை விரித்த மாதிரி ஒரு கரிக்கறை. விரலால் தொட்டால் ஈரமாக, கறுப்பாக ஒட்டியது. மற்ற இடமெல்லாம் சுத்தம். இரண்டு திருகில் முன் திருகு தளர்ந்திருந்தது. செய்தவர்கள் திருகின் ஓரத்தை நசுக்கிப் பூட்டியதாகப் பேர், ஆனால் உலோகம் திருகைத் தொடவே இல்லை, பக்கத்தில் வெறும் தழும்பு. வாயு அந்த இடுக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கீயைக் கழற்றித் துடைத்து, புதுத் திருகு போட்டு, சரியான இறுக்கத்தில் முறுக்கி, ஓரத்தை ஒழுங்காக நசுக்கிக் கொடுத்தேன். மூன்று மேகசின் சுட்டார், ஒன்றும் சிக்கவில்லை. கிட்டைத் திருப்பிவிட்டதாகப் பிறகு சொன்னார்.

இன்னொருவர் ஏற்கெனவே மாற்றிக்கொண்டு வந்தவர். அவர் துப்பாக்கியைத் திறந்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பஃபர் குழாயின் வாயில், கீழ்ப்பக்கம், நகக்கண் அளவுக்குப் பிறை வடிவத்தில் அலுமினியம் அரைபட்டிருந்தது. பிஸ்டன் கம்பி கேரியரின் உச்சியில் இடிக்கிறது. உச்சியில் இடித்தால் வால் கீழே அமுங்கும். ஸ்டோனரின் கேரியருக்கு நேர்க்கோட்டில் விசை வரும் என்று அளவு போட்டிருக்கிறார்கள், மேலிருந்து குத்து வரும் என்று போடவில்லை. நல்ல கிட்டுகளில் கேரியரின் வாலைத் தடிப்பாக்கியோ சரிவு கொடுத்தோ இதைச் சமாளிக்கிறார்கள். எல்லாக் கிட்டிலும் அந்தக் கவனம் இல்லை.

பிஸ்டன் ஏஆர் என்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஹெக்லர் அண்ட் கோக் செய்த எச்கே416 முதல் திருகிலிருந்தே பிஸ்டனுக்கென்று வடிவமைத்தது. நார்வே 2007-இல் எடுத்தது, பிரான்ஸ் தன் படைக்கே அதைத் தேர்ந்தெடுத்தது. 2007-இல் அமெரிக்க ராணுவம் புழுதிச் சோதனை ஒன்று நடத்தியது. ஒவ்வொரு வகையிலும் 10 துப்பாக்கி, ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டா. எம்16-இன் குட்டை வடிவமான எம்4 882 முறை சிக்கியது, எச்கே416 வெறும் 233. பிஸ்டன்காரர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள். ஆனால் அதே வருடம் அதற்கு முன்பு நடந்த சோதனையில் எம்4 சிக்கியது 307 முறை என்பதைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் கூரையடியில் நின்று மாதம் இருமுறை சுடுகிறீர்கள். அந்தப் புழுதி உங்கள் துப்பாக்கிக்கு இந்தப் பிறவியில் வராது.

குட்டைக் குழலும், சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸரும் சேர்த்து நிறையச் சுடுகிறவருக்குப் பிஸ்டனால் நிஜமான லாபம் உண்டு. அவருக்கும் கிட் வாங்கச் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி உங்கள் துப்பாக்கியில் வரிசை எண் உள்ள கீழ்ப்பகுதிதான் 'துப்பாக்கி', மேல்பகுதி உதிரிபாகம். பிஸ்டனுக்கென்றே ஒரே கம்பெனி செய்த முழு மேல்பகுதியை வாங்கி வைப்பதுதான் முறை. பிஸ்டன் பாகங்களுக்குப் பொது அளவு கிடையாது, ஒரு கம்பெனியின் கம்பி இன்னொன்றில் உட்காராது. செய்தவர் கடையைச் சாத்திவிட்டால், உடைந்த கம்பிக்கு எங்கே போவீர்கள்? உங்கள் இப்போதைய கேரியருக்கு நாடு முழுக்க எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும்.

இனி அப்பாவுக்கு. ஐயா சொல்வது பொய்யில்லை, எஸ்.எல்.ஆர். கைவிடாத துப்பாக்கி. ஆனால் அதற்குப் பிஸ்டன் மட்டுமா காரணம் என்று அவரைக் கேளுங்கள். முன்னால் கேஸ் ரெகுலேட்டர் என்று ஒரு வளையம் இருந்தது அவருக்கு ஞாபகம் வரும். ராஜஸ்தானில் மணற்காற்று அடித்த நாட்களில் அதை இரண்டு சொடுக்கு இறுக்குவோம். வீணாக வெளியேறும் வாயு குறையும், பிஸ்டனுக்கு வேகம் கூடும், அழுக்கையும் மீறி ஓடும். துடைத்த பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவருவோம். சாயங்காலம் கோத்தில், அதாவது ஆயுத அறையில், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு புல்த்ரூ போட்டுக் குழலைத் துடைக்காத ஜவானை என் ஹவில்தார் வரிசையிலிருந்தே திருப்பி அனுப்புவார். ஐயாவின் எஸ்.எல்.ஆர். ஓடியது அந்தச் சொடுக்கிலும் அந்தத் துணியிலும்தான். உங்கள் கேரியருக்குத் தேவை தாராளமாக எண்ணெய். இந்தத் துப்பாக்கி அழுக்கோடு ஓடும், வறட்சியோடு ஓடாது. அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துத் துடையுங்கள், அவர் கைக்கு வேலை மறந்திருக்காது.

கேள்வி: திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அருகில் வளர்ந்தவன். அங்கே செய்வது எந்த முறை? இந்தியாவில் ஒருவர் தன் துப்பாக்கியை மாற்றியமைக்க முடியுமா?

பதில்: 1966-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் செய்த இன்சாஸும், பிறகு வந்த திருச்சி அசால்ட் ரைஃபிளும் நீள ஓட்டப் பிஸ்டன். பிஸ்டனும் கேரியரும் ஒட்டியபடியே முழுத் தூரமும் பின்னால் போகும். எஸ்.எல்.ஆரில் பிஸ்டன் ஒரு குத்து குத்திவிட்டு நின்றுவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில், கூடாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். உரிமம் உள்ள துப்பாக்கியில் ஏதாவது கோளாறு என்றால் உரிமம் பெற்ற கடைக்கே கொண்டுபோங்கள்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன், நான் இடது கைக்காரி. கணவரின் ஏஆரில் சுடும்போது கண் எரிகிறது. பிஸ்டன் போட்டால் நிற்குமா?

பதில்: குறையும் அம்மா, முழுக்க நிற்காது. காலித் தோட்டா வெளியேறும் வாசல் வலது பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்தால் அந்த வாசல் உங்கள் முகத்துக்கு நேராக வரும். அறையிலிருந்து வரும் புகை எந்த முறையிலும் அந்த வழியாக வரத்தான் செய்யும். சப்ரஸர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சுட்டுப் பாருங்கள், பாதி எரிச்சல் அங்கேயே போய்விடும். மீதி பெரும்பாலும் போல்ட்டைக் கையால் பின்னால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டில் இடுக்கில் வருகிறது. புகையைத் தடுக்கும் விளிம்பு வைத்த ஹேண்டில் கடையில் கிடைக்கும், துப்பாக்கியைக் காலி செய்து, திறந்து, கேரியரோடு பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி இல்லாமல் இனி ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.