முழங்காலுக்குக் கீழே பழைய புடைப்பு: ஸ்கானுக்கு ஓட வேண்டாம்

கேள்வி: வயது 31. மாங்குளத்தில் டைல்ஸ் பதிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கரப்பந்து விளையாடின காலத்திலேயே முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நொந்தது. வளர மாறும் என்றார்கள், மாறவில்லை. முழந்தாளிட்டால் உயிர் போகிறது. யாழ்ப்பாணத்தில் எம்ஆர்ஐ ஸ்கான் எடுத்து ஒப்பரேஷனும் ஒழுங்கு செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள் தம்பி. காசு கையிலேயே இருக்கட்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'ஒஸ்குட் ஷ்லாட்டர்' போலத்தான் தெரிகிறது. முன்தொடைத் தசை முழங்காற்சில்லு வழியாக இறங்கிக் கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் ஒட்டுகிறது. வளரும் வயதில் அந்த மேடு குருத்தெலும்பு. பாய்ந்து விளையாடும்போது தசை அதை இழுத்துப் புண்ணாக்கும். எலும்பு இறுகியதும் அநேகமானோருக்கு நோ அடங்கிவிடும். சிலருக்கு ஒரு சின்ன எலும்புத் துண்டு தசைநாணுக்குள் (தசையை எலும்போடு கட்டும் நாருக்குள்) தங்கிவிடும். அதன்மேல் பாரத்தைப் போட்டுத்தான் நீங்கள் வேலை செய்கிறீர்கள். புடைப்பு போகாது, நோவைக் குறைக்கலாம்.

இதற்குப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே ஒன்று போதும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். ஆனால் கிளினிக்குக்கு ஒரு திகதி, படம் காட்ட இன்னொரு திகதி, இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிக்கு) போக வேறொரு திகதி! நாட்கூலிக்காரர் எத்தனை நாள் சம்பளத்தை விடுவது? இந்த அலைச்சலை வைத்துத்தான் 'ஒழுங்கு செய்து தருகிறவர்கள்' பிழைக்கிறார்கள். எக்ஸ்ரேகூடப் பார்க்காமல் ஒப்பரேஷன் பேசுகிறவரை நம்பாதீர்கள்.

எம்ஆர்ஐ பற்றி வன்னிச் சனத்துக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பில் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு இருந்தால், அந்த இயந்திரத்தின் காந்தம் அதை அசைக்கலாம், சூடாக்கலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் என்றால் பெரிய ஆபத்து. முழங்காலைத்தானே எடுக்கிறார்கள், துண்டு முதுகில்தானே என்று நினைக்காதீர்கள், உடம்பு போவது இயந்திரத்துக்குள்தான். சின்ன வயதில் காயப்பட்டவர்களுக்கு நினைவிருக்காது. அம்மாவைக் கேளுங்கள், தழும்பைப் பாருங்கள். சந்தேகமென்றால் முதலில் அந்த இடத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். துண்டுள்ள எல்லோருக்கும் ஸ்கான் கூடாது என்பதல்ல, அதைத் தீர்மானிக்க வேண்டியது கதிரியக்க வைத்தியர், தரகர் அல்ல.

புடைப்புக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட விடாதீர்கள். தசைநாண் பலவீனமாகும், தோல் மெலியும். பாமசியில் நோக்குளிசை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கவும் வேண்டாம், சிறுநீரகம் கெடலாம்.

தடித்த பஞ்சு மெத்தையில், புடைப்பு படும் இடத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு முழங்காலில் கட்டுங்கள். முடிந்த இடத்தில் தாழ்ந்த பலகையில் இருந்து பதியுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல் அரைவாசி இறங்கி 30 முதல் 45 செக்கன் நில்லுங்கள், ஐந்து தரம். அடுத்த நாள் காலை நோ கூடவில்லை என்றால் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். தொடையின் முன்னும் பின்னும் இழுத்து நீட்டுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையாவிட்டால்தான் அந்தத் துண்டை எடுக்கிற பேச்சு, அதுவும் அரசாங்க என்பியல் (எலும்பு) நிபுணரோடு.

இரவில் நோவு எழுப்பினாலோ, காய்ச்சலோடு முழங்கால் சிவந்து வீங்கினாலோ, புடைப்பு வளர்ந்தாலோ, திடீரென டக்கென்று சத்தம் கேட்டுக் காலை நீட்ட முடியாமல் போனாலோ, கிளினிக் திகதி பார்க்காமல் அன்றைக்கே வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.