நலமான பிறகும் மாத்திரை எதற்கு?

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 38. மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் மாத்திரையை மூன்று மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். தூக்கமும் பசியும் திரும்பிவிட்டன. ‘இனி எதற்கு மாத்திரை?’ என்று வீட்டில் கேட்டதால் நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் உணர்வு. பயந்துபோய் மீண்டும் சாப்பிட்டதும் அடங்கிவிட்டது. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா, டாக்டர்?

பதில்: இல்லை. நாளாக ஆக அளவைக் கூட்டச் சொல்லி நச்சரிக்கும் வேட்கையைத்தான் அடிமைத்தனம் என்கிறோம்; இந்த மாத்திரை அப்படிப்பட்ட வேட்கையை உண்டாக்குவதில்லை. நரம்பணுக்கள் வெளிவிடும் செரடோனின் என்ற வேதிப்பொருளை அவையே மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை இது தடுக்கிறது. அந்த நிலைக்கு மாதக்கணக்கில் பழகிய நரம்பு மண்டலத்திடமிருந்து மருந்தை ஒரே நாளில் பறித்தால், அது தடுமாறுவதைத்தான் நீங்கள் அனுபவித்தீர்கள். சிலருக்கு இந்தத் தடுமாற்றம் வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு என்பதால், ‘எல்லாம் மனப்பிரமை’ என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். நிறுத்திய சில நாட்களிலேயே தலைசுற்றலோடு வருவது பெரும்பாலும் மருந்து விலகுவதன் விளைவு. நோய் திரும்புவதென்றால் பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லத் தலைகாட்டும்.

வீட்டார் கேட்டது அன்பினால்தான். ஆனால் நீங்கள் நலமாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். முதன்முறை மனச்சோர்வு வந்தவர்கள்கூட, முழுமையாகத் தேறிய பிறகு குறைந்தது ஆறு மாதங்கள் அதே அளவைத் தொடர வேண்டும். நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ தேவைப்படலாம். நிறுத்தும் காலம் வரும்போது, உங்கள் மருத்துவர் சில வாரங்களிலோ மாதங்களிலோ படிப்படியாக அளவைக் குறைப்பார். கடைசிப் படிகள்தான் பலருக்கும் கடினமாக இருப்பதால் அங்கே அவசரம் கூடாது. மனச்சோர்வுக்கான மற்றொரு மருந்தான ஃப்ளுவாக்ஸெடின் உடலைவிட்டு மெதுவாக வெளியேறுவதால் அதில் இத்தொல்லை குறைவு. பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இரண்டிலும் அதிகம். ஒரு நாள் மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. மனச்சோர்வுக்காகச் செர்ட்ரலின் மாத்திரை தொடங்கி ஆறு நாட்களாகின்றன. சோர்வு குறையவில்லை, மாறாக ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைகிறான், இரவில் தூங்குவதில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: இன்றே, தொலைபேசியிலாவது, அவருடைய மருத்துவரிடம் இதைத் தெரிவியுங்கள், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். இம்மருந்துகளின் தொல்லைகள் முதல் வாரத்திலேயே வந்துவிடுகின்றன. பலனோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்துத்தான் தெரியத் தொடங்கும்; முழுப் பலனுக்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். குமட்டல், தலைவலி போன்றவை பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடும். நிலைகொள்ளாத தவிப்பை அவ்வாறு விட்டுவைக்க முடியாது. இளம் வயதினரில் சிலருக்குத் தொடக்க வாரங்களிலும், அளவு மாற்றப்படும் நாட்களிலும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்து, 2007இல் அந்த எச்சரிக்கையை 24 வயது வரையுள்ளவர்களுக்கு விரிவுபடுத்தியது. மருந்தே கூடாது என்பது இதன் பொருளன்று, அருகில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே. ஆகவே அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரை அட்டையை உங்கள் பொறுப்பில் வைத்திருங்கள், ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகம், ஓயாத பேச்சு, கட்டுக்கடங்காத செலவு என்று போக்கு மாறினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது, மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மருத்துவமே வேறு.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரையுடன் மூட்டுவலிக்கும் இருமலுக்கும் மருந்து சாப்பிடலாமா? எனக்கு வயது 67.

பதில்: இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளைச் செர்ட்ரலின் வகை மனச்சோர்வு மாத்திரைகளுடன் சேர்த்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது, இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிரமடால் என்ற வலிநிவாரணி, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து, ‘இயற்கை மருந்துதானே’ என்று பலர் தாமாகவே வாங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை ஆகிய மூன்றும் இம்மாத்திரைகளுடன் சேர்ந்தால் செரடோனினை அளவுக்கு மீறி உயர்த்தக்கூடும். உங்கள் வயதில் இரத்தத்தில் சோடியமும் குறையலாம் என்பதால், புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ தோன்றினால் ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்காமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புதிய மருந்து எதையேனும் சேர்த்த சில மணி நேரத்திலேயே காய்ச்சல், வியர்வை, நடுக்கம், தசை இறுக்கம், மனக்குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால், சாப்பிட்ட எல்லா மருந்துகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.