நிச்சயதார்த்தத்துக்கு முன் பெயிண்ட்: ஆரத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 850 சதுர அடி, 2011-இல் கட்டியது. கிரகப்பிரவேசத்துக்கு அடித்த பெயிண்ட்தான் உள்ளே இன்னும் இருக்கிறது. நாத்தனார் மகளுக்கு வரன் முடிந்து, தை மாதம் நிச்சயதார்த்தம். நாத்தனார் சென்னையில் வாடகைக்கு இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கும்பகோணம். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அதனால் எங்கள் வீட்டிலேயே வைப்பதென்று முடிவாகிவிட்டது. ‘இந்தச் சுவரைப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்று நாத்தனார் தினமும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் சாம்பலில் டெக்ஸ்சர், மற்ற இடமெல்லாம் வெளிர் சாம்பல் வேண்டுமாம். ஒரு பெயிண்டிங் நிறுவனத்தார் வந்து அளந்து 1,38,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். வட்டியில்லா இஎம்ஐ என்றால் மாதம் 11,500 வீதம் 12 மாதம். மொத்தமாகக் கொடுத்தால் 1,26,000. கணவர், ‘இஎம்ஐ வேண்டாம், உன் 4 பவுன் ஆரத்தை வைத்துவிடலாம்’ என்கிறார். ஏற்கெனவே 5 பவுன் 2019-லிருந்து ஒரு நிதி நிறுவனத்தில் இருக்கிறது. வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம், ஒரு முறைகூடத் தவறியதில்லை. எப்போதாவது தள்ளுபடி வராதா என்ற நம்பிக்கையும் உண்டு. இருவர் சம்பளம் 52,000. செலவு போக 7,000 மிஞ்சும். சேமிப்பில் 16,000 இருக்கிறது. குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் உப்பு பூத்துப் பெயிண்ட் உரிகிறது. எனக்குச் சந்தன நிறம்தான் பிடிக்கும். சாம்பலா சந்தனமா? இஎம்ஐயா அடகா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறத்தைக் கடைசியில் சொல்கிறேன், அது சுலபம். கடிதத்தோடு அடகு ரசீதுகளையும் படமெடுத்து அனுப்பியிருந்தீர்களே, அதற்கு நன்றி. அவை இல்லாவிட்டால் நானும் ‘வட்டி தவறியதில்லை’ என்ற வரியைப் படித்துவிட்டுப் பரவாயில்லையே என்று நினைத்திருப்பேன்.

2019-இல் முதல் கடன் 90,000 ரூபாய். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, வருடத்துக்கு 12 சதவீதம். அடுத்தடுத்த ரசீதுகளில் தொகை இப்படிப் போகிறது: 1,10,000, 1,30,000, 1,50,000, 1,80,000, 2,10,000, இந்த வருடம் 2,40,000. நகை அதே 5 பவுன். தங்கம் விலை ஏற ஏற, ‘இன்னும் கொஞ்சம் தரலாம் மேடம்’ என்று கவுன்ட்டரில் சொல்லியிருப்பார்கள், நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

ஆனால் கைக்கு எவ்வளவு வந்தது? 2020-இல் பழைய அசல் 90,000, அதற்கு வட்டி 10,800. இரண்டையும் புதுக் கடனான 1,10,000-இல் கழித்துக்கொண்டு 9,200 கொடுத்தார்கள். இந்த வருடம் கணக்கு இன்னும் மோசம். கடன் 30,000 ஏறியது, அதில் 25,200 பழைய வட்டிக்குப் போனது, கையில் கிடைத்தது 4,800. ஆறு தடவை திருப்பி வைத்ததையும் கூட்டிப் பார்த்தேன். கடன் 1,50,000 ஏறியிருக்கிறது. வட்டிக்குப் போனது 1,04,400. ஆறு வருடத்தில் நீங்கள் உண்மையில் செலவழிக்கக் கிடைத்தது 45,600 ரூபாய்.

வட்டி தவறவில்லைதான். ஆனால் ஒரு தடவைகூட அது உங்கள் சம்பளத்திலிருந்து போகவில்லை. அந்தக் கடைக்குக் கட்ட வேண்டிய வட்டியை அந்தக் கடையிலேயே கடன் வாங்கிக் கட்டியிருக்கிறீர்கள். முதலில் வாங்கிய 90,000-ஐ விட வட்டி அதிகமாகிவிட்டது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. தங்கம் ஏறியதில் உங்களுக்கு வர வேண்டிய லாபம் கடனாக மாறி அவர்களுக்கே போய்விட்டது.

இன்னொன்றும் உறுத்துகிறது. மாதம் 7,000 மிஞ்சுகிறது என்கிறீர்கள். வருடத்துக்கு 84,000. சேமிப்பில் இருப்பதோ 16,000. மீதி எங்கே போகிறது என்று உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கமே சொல்லிவிடுகிறது: பொங்கல் சீர், ஆடிச் சீர், நாத்தனார் வரும்போதெல்லாம் புடவை. 2019-இல் அந்த முதல் 90,000 வாங்கியதும் இதே பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் செய்யத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடனே இன்னும் தீரவில்லை, அதற்குள் அவளுக்கு நிச்சயம் வந்துவிட்டது.

தள்ளுபடிக் கனவை விட்டுவிடுங்கள். 2021-இல் தமிழக அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரை வைத்திருந்தவர்களின் கடனை. அதற்கும் தகுதி வரம்புகள் இருந்தன. உங்கள் நகை இருப்பது தனியார் நிதி நிறுவனத்தில். அங்கே யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள், ஏலம்தான் விடுவார்கள்.

ஆகவே ஆரம் பெட்டியிலேயே இருக்கட்டும். நீங்கள் இருவரும் இருக்கிற பழக்கத்தில் அதுவும் அடுத்த வருடம் ‘திருப்பி’ வைக்கப்படும்.

இஎம்ஐ மட்டும் யோக்கியமா? மொத்தமாகக் கொடுத்தால் 1,26,000, தவணையில் 1,38,000 என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த 12,000-க்கு வேறு பெயர் வைத்தால் வட்டி இல்லையென்று ஆகிவிடுமா? மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக 68,000 ரூபாயைத்தான் ஒரு வருடம் கடன் வாங்கியதாகக் கொள்ள வேண்டும். அதற்கு 12,000 என்றால் கிட்டத்தட்ட 17, 18 சதவீதம். செயலாக்கக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதன் பிறகு ‘நோ காஸ்ட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதெல்லாம் போகட்டும், 7,000 மிஞ்சும் வீட்டில் 11,500 தவணை எப்படிக் கட்டுவீர்கள்?

சரி, சுவருக்கு வருவோம். 850 சதுர அடி வீட்டில் சுவரும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய மூன்று மடங்கு, சுமார் 2,700 சதுர அடி வரும். 1,38,000-ஐ வகுத்தால் சதுர அடிக்கு 50 ரூபாய்க்கு மேல். வீடு முழுக்கப் பட்டி, உயர்ரக எமல்ஷன், டெக்ஸ்சர், கிருமி எதிர்ப்பு, பத்து வருட வாரண்டி என்று எல்லாவற்றையும் தலையில் கட்டியிருக்கிறார்கள். கிருமியை எதிர்க்கும் பெயிண்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் வீட்டில்தான் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருக்கிறது! ஓதத்துக்கும் கசிவுக்கும் பொறுப்பில்லை என்று அந்த வாரண்டித் தாளில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் படுக்கையறைக்கு வரப்போவதில்லை. ஹாலும் நடையும் பூஜை மாடமும் போதும். ஹால் 18-க்கு 12, உயரம் 10 அடி. கதவு, ஜன்னல் போகச் சுவர் 520, கூரை 216. நடையும் மாடமும் சேர்ந்தால் மொத்தம் 900 சதுர அடி என்று வையுங்கள். இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று தாராளமாகவே போட்டாலும் 9 லிட்டர், கையிருப்புக்கு ஒன்று சேர்த்து 10. நடுத்தர எமல்ஷன் லிட்டர் 300 என்றால் 3,000. இரண்டு ஆள், நான்கு நாள், ஆளுக்கு 1,000 கூலி, ஆக 8,000. பட்டி, பிரைமர், உப்புத்தாள், ரோலர் 3,000. குழாய்க் கசிவை அடைத்து, அந்த இடத்துப் பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூச 5,000. மொத்தம் 19,000. உங்கள் ஊர்க் கூலி முன்னே பின்னே இருந்தால் 22,000. சேமிப்பு 16,000-உடன் கார்த்திகை, மார்கழி மிச்சம் 14,000 சேர்ந்தால் கையில் 30,000 இருக்கும். கடன் எதற்கு?

கசிவை இன்றைக்கே பாருங்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். நீலமும் வஜ்ரப் பசையும் கலந்து போகிக்குப் போகி வெள்ளையடித்தார்கள், ஈரம் வந்த வழியே போய்விடும். எமல்ஷன் அப்படியில்லை, சுவர்மேல் தோல் மாதிரி படர்ந்துகொள்ளும். உள்ளே ஈரம் இருந்தால் அது உப்பைத் தள்ளிக்கொண்டு வந்து தோலை உரித்துவிடும், லிட்டர் 300 என்றாலும் 600 என்றாலும். இப்போது அடைமழைக் காலம் வேறு. பூசிய இடம் நன்றாகக் காய வேண்டும். ஆளை மார்கழிப் பிற்பாதியில் வரச் சொல்லுங்கள். பெயிண்டை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். சில வாளிகளில் பெயிண்டருக்கென்று காசாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் இருக்கும். அவர் ஒரே ரகத்தை அழுத்தி அழுத்திச் சிபாரிசு செய்தால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிறம். சந்தனம்தான். உங்களுக்குப் பிடிக்கும் என்பது ஒரு காரணம், காசு இன்னொரு காரணம். அடர் நிறத்துக்குத் தனி பேஸ் (சாயம் கலக்கும் மூலப் பெயிண்ட்), அதிகச் சாயம், அதனால் விலையும் கூட; பல நேரம் மூன்றாவது கோட்டிங் கேட்கும். நாளைக்கு மாற்ற நினைத்தால் மறுபடி பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும். டெக்ஸ்சரை எடுப்பதென்றால் தேய்த்துப் பட்டி பார்க்கும் கூலியே கண்ணைக் கட்டும். ஒரே ஜன்னல் இருக்கும் உங்கள் ஹாலில் அடர் சாம்பல் அடித்தால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். நாத்தனார் அனுப்பும் படங்களில் இருப்பது நாலு பக்கமும் வெளிச்சம் வரும் வீடு. அதே சாம்பல் நம் டியூப்லைட்டில் பிழியாத துணி மாதிரி தெரியும். கூரைக்கு வெறும் வெள்ளை, சுவர் எல்லாவற்றுக்கும் ஒரே சந்தன ஷேடு. இரண்டு மூன்று ஷேடு எடுத்தால் ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் வீணாகும். மெஷினில் கலந்து கொடுத்ததைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். முதலில் சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையில் ஒரு தடவை, இரவு விளக்கில் ஒரு தடவை பாருங்கள். சந்தனம் என்று சொல்லிக்கொண்டு மஞ்சளடிக்கும் ஷேடுகள் நிறைய உண்டு.

கடனுக்கு வழி: தை மாதத்திலிருந்து மாதம் 7,000-ஐச் சம்பளம் வந்த அன்றே நேராக அடகுக் கடையில் கட்டுங்கள். இப்போதைய வட்டி மாதம் 2,400, மீதி 4,600 அசலில் கழியும். இப்படியே போனால் முடிய மூன்றரை வருடம் ஆகும். நகை மூன்று பொட்டலமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதில் 2 பவுன் வளையல் ஒன்று. அதை மீட்டு விற்றுக் கடனில் போட்டால் பாதிக்கும் மேல் குறைந்துவிடும், மிச்சம் ஒன்றரை வருடத்தில் முடியும். அம்மா போட்ட வளையல் என்று தெரிந்தே சொல்கிறேன். அது உங்கள் கையில் இருந்து ஆறு வருடம் ஆயிற்று. மற்ற 3 பவுனாவது வீடு திரும்பட்டும்.

நாத்தனாரிடம் பேச வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். ‘ஹாலைச் சுத்தமாக அடித்து வைக்கிறேன், டெக்ஸ்சர் வேண்டுமென்றால் செலவு உன்னுடையது’ என்று அண்ணன் சொன்னால் தங்கைக்குக் கோபம் வரும், பத்து நாளில் போகும். அதை விடப் பெரிய பேச்சு ஒன்று பாக்கி இருக்கிறது. கல்யாணம் வைகாசியில் என்கிறீர்கள். தாய்மாமன் சீருக்கு எவ்வளவு என்று இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் 4 பவுன் ஆரத்தின் ஞாபகம் எல்லோருக்கும் வரும். தொகையை இப்போதே, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, கணவரும் நீங்களும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பெயிண்ட் போக மிஞ்சும் எட்டாயிரமோ பத்தாயிரமோ, அதோடு பொங்கல் சீரையும் புடவைகளையும் நிறுத்தி இந்தச் சீரிலேயே சேர்த்துச் செய்வதாகச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால் மாமியார் முன்னிலையில் ரசீதுகளைக் காட்டுங்கள். பெண்ணின் பாட்டிக்கும் அந்தக் கணக்கு தெரியட்டும்.

ஷேடு எண்ணைக் கதவின் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டு, மிஞ்சும் ஒரு லிட்டரை மூடி இறுக்கி நிழலில் வையுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு வரும் குழந்தைகள் சுவரில் கை வைக்காமல் போக மாட்டார்கள். வைகாசிக்குள் அங்கங்கே தொட்டுவிட அது போதும்.